கியூரியிலிருந்து பெக்கெரலுக்கு: கதிரியக்கத்தின் பழைய அலகுகளையும் புதிய அலகுகளையும் மாற்றிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் வெளியான சீசியம் (காற்றோடு பரவி மண்ணில் படிந்த கதிரியக்கத் தனிமம்) படிவு வரைபடங்களில் நிறம் மாறும் எல்லைகள் 37, 185, 555, 1480 என்று போகும். அலகு, சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ பெக்கெரல். 50, 200, 500 என்று கோடு கிழிப்பதை விட்டுவிட்டு 37 என்றும் 555 என்றும் யார் கிழிப்பார்கள்? நான்கு எண்களையும் 37-ஆல் வகுத்துப் பாருங்கள். 1, 5, 15, 40 என்று வரும். சோவியத் அதிகாரிகள் சதுர கிலோமீட்டருக்கு 1 கியூரி, 5 கியூரி, 15 கியூரி, 40 கியூரி என்று முழு எண்களில்தான் எல்லை வகுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அலகை மாற்றினார்கள், எல்லையை மாற்றவில்லை. அதனால்தான் இந்த விசித்திர எண்கள்.

இந்தத் துறையில் 37-இன் மடங்கு எங்கே தென்பட்டாலும் அதனடியில் ஒரு பழைய கியூரி புதைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். 148, 185, 370, 740, 1110 எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் அலகு மாற்றத்தில் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, மாற்றக் கூடாததை மாற்றாமல் இருப்பது. உண்மையில் பெரிய பிழைகள் நேர்வது அங்கேதான்.

இது யாருக்குத் தேவைப்படும் என்று கேட்கலாம். பெக்கெரல் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் நம் ஊர் அணு மருத்துவப் பிரிவுகளில் இன்றும் பேச்சு மில்லி கியூரியில்தான் நடக்கிறது. அனுமதிப் படிவமோ பெக்கெரலில் கேட்கிறது. அமெரிக்காவின் குடிநீர், ரேடான் வரம்புகள் பைக்கோ கியூரியில் இருக்கின்றன. ஆய்வகத்து ஈயப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய கதிரியக்க மூலத்தின் மீது பொறித்த எழுத்தை யாரும் திருத்தி எழுதப்போவதில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே வேலை நடக்கும்.

முதல் படி: அலகு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது?

கணக்குப் போடும் முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கதிரியக்கம் சார்ந்த அலகுகள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. தென்னை மரத்தடியில் படுத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து நிமிடத்துக்கு எத்தனை விழுகின்றன என்பது ஒரு கணக்கு. அவர்மேல் எவ்வளவு வேகத்தோடு, எவ்வளவு ஆற்றலோடு விழுந்தன என்பது இன்னொரு கணக்கு. விழுந்தது காயா மட்டையா, பட்டது தலையிலா தோளிலா என்று பார்த்து அடியின் தீவிரத்தை மதிப்பிடுவது மூன்றாவது.

முதல் கணக்கு கதிரியக்கச் செயல்பாடு: ஒரு பொருளில் நொடிக்கு எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன? இதற்குப் பழைய அலகு கியூரி, புதியது பெக்கெரல். இரண்டாவது உட்கவர் ஏற்பளவு: ஒரு கிலோகிராம் பொருள் எத்தனை ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டது? பழையது ராட், புதியது கிரே. மூன்றாவது, உயிருக்கு நேரக்கூடிய கேட்டைக் கணக்கில் சேர்த்த அளவு. பழையது ரெம், புதியது சீவர்ட். இவற்றுக்குப் பக்கத்தில் ராண்ட்ஜன் என்று ஒரு பழைய அலகு உண்டு; காற்றில் எக்ஸ் கதிரும் காமா கதிரும் உண்டாக்கும் மின்னூட்டத்தை மட்டும் அது அளக்கிறது.

ஒரே குடும்பத்துக்குள் மாற்றுவது வெறும் பெருக்கல். கியூரியைச் சீவர்ட்டாக மாற்றித் தரச் சொல்வது, தேங்காய் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு மருத்துவச் செலவு எவ்வளவு என்று கேட்பதைப் போன்றது. எந்த ஐசோடோப்பு (ஒரு தனிமத்தின் எந்த வகை அணு), எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், உடலுக்கு வெளியிலா உள்ளேயா என்றெல்லாம் தெரிந்தால்தான் விடை கிடைக்கும். அப்படி ஒரு கணக்கைப் பிறகு போட்டுப் பார்ப்போம்.

இரண்டாம் படி: 37 எங்கிருந்து வந்தது?

1910-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கதிரியலாளர்கள் மாநாடு கூடியது. ரேடியத்தை அளக்க ஒரு பொதுத் தரம் வேண்டும் என்று அமைந்த குழுவில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டும் மேரி கியூரியும் இருந்தார்கள். ஒரு கிராம் ரேடியத்தோடு சமநிலையில் இருக்கும் ரேடான் வாயுவின் அளவுக்குக் 'கியூரி' என்று பெயர் வைத்தார்கள். அன்றைய ஆய்வகங்களுக்கு ஒரு கிராம் ரேடியம் என்பது எட்டாத செல்வம். அலகைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை எழுந்தபோது மேரி கியூரி இணங்கவில்லை. அந்தப் பெயருக்கு அற்ப அளவு பொருந்தாது என்பது அவர் எண்ணம். 1906-இல் மறைந்த பியரி கியூரியின் நினைவாகத்தான் பெயர் வைத்ததாக ரூதர்ஃபோர்டு எழுதினார். இருவருக்கும் பொதுவானது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, அந்தப் பிடிவாதத்தின் விளைவாக இன்றுவரை நாம் மில்லி, மைக்ரோ, நானோ, பைக்கோ என்று கியூரியை நறுக்கிக்கொண்டே இருக்கிறோம்.

ஒரு கிராம் ரேடியத்தில் நொடிக்கு எத்தனை சிதைவு? அதைத் தோராயமாக 3.7 × 10¹⁰ என்று கண்டார்கள், அதாவது 3,700 கோடி. அளவீடு நுட்பமாக ஆக ஆக அந்த எண் சற்றே நகர்ந்துகொண்டிருந்தது. அலகு இப்படி ஆடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால், ரேடியத்தின் கையை விட்டுவிட்டு, எந்தப் பொருளானாலும் நொடிக்கு 3,700 கோடி சிதைவுகள் என்றால் ஒரு கியூரி என்று நிலைநிறுத்திவிட்டார்கள். நீங்களே சரிபார்க்கலாம். ரேடியம்-226-இன் அரை ஆயுட்காலம், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. அந்தக் கணக்குப்படி ஒரு கிராமில் நொடிக்கு 3.66 × 10¹⁰ சிதைவு வருகிறது. ஆக, இன்று ஒரு கிராம் ரேடியம் ஒரு கியூரிக்கு ஒரு சதவீதம் குறைவு!

1975-இல் எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடு பெக்கெரலை ஏற்றுக்கொண்டது. 1896-இல் யுரேனிய உப்பில் இந்த இயல்பைக் கண்டறிந்த ஹென்றி பெக்கெரலின் பெயர். நொடிக்கு ஒரு சிதைவு என்றால் ஒரு பெக்கெரல். இதைவிட எளிய வரையறை இருக்க முடியாது. ஆனால் கியூரி யானை என்றால் பெக்கெரல் எறும்பு. 3,700 கோடி எறும்பு சேர்ந்தால் ஒரு யானை. அதனால் கியூரிக்குப் பெரும்பாலும் முன்னால் மில்லி, மைக்ரோ போன்ற சிறுமை ஒட்டுகளும், பெக்கெரலுக்குப் பெரும்பாலும் கிலோ, மெகா, கிகா போன்ற பெருமை ஒட்டுகளும் தேவைப்படுகின்றன.

மூன்றாம் படி: ஜோடிகளை மனதில் நிறுத்துங்கள்

பத்தின் அடுக்குகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தால் தவறு வரும். அதைவிட இந்த ஐந்து ஜோடிகள் போதும்:

1 கியூரி = 37 கிகா பெக்கெரல்
1 மில்லி கியூரி = 37 மெகா பெக்கெரல்
1 மைக்ரோ கியூரி = 37 கிலோ பெக்கெரல்
1 நானோ கியூரி = 37 பெக்கெரல்
1 பைக்கோ கியூரி = 37 மில்லி பெக்கெரல் (0.037 பெக்கெரல்)

எல்லா வரியிலும் 37 அப்படியே நிற்கிறது, முன்னொட்டு மட்டும் படியிறங்குகிறது. மில்லிக்கு மெகா, மைக்ரோவுக்குக் கிலோ: இந்த இரண்டை மட்டும் நினைவில் வைத்தால்கூட மருத்துவமனை வேலை ஓடிவிடும்.

எதிர்த் திசையில் போக 37-ஆல் வகுக்க வேண்டும். மனக்கணக்கில் அது கசப்பு. வகுப்பதற்குப் பதிலாக 27-ஆல் பெருக்குங்கள். 27-ஐ 37-ஆல் பெருக்கினால் 999; ஆயிரத்துக்கு ஒன்றுதான் குறைவு. எனவே பிழை ஆயிரத்தில் ஒரு பங்கு, எந்த நடைமுறைக் கணக்கையும் அது கெடுக்காது. 1 டெரா பெக்கெரல் என்பது 27 கியூரி. 1 கிகா பெக்கெரல் 27 மில்லி கியூரி, 1 மெகா பெக்கெரல் 27 மைக்ரோ கியூரி, 1 கிலோ பெக்கெரல் 27 நானோ கியூரி, ஒற்றை பெக்கெரல் 27 பைக்கோ கியூரி. நுட்பம் வேண்டுவோர் 27.03 என்று வைத்துக்கொள்ளலாம்.

சில எண்களோடு பழகிவிடுவோம். எலும்பு ஸ்கேனுக்கு டெக்னீசியம்-99எம் 20 மில்லி கியூரி கொடுத்தால் அது 740 மெகா பெக்கெரல். பெட் ஸ்கேனுக்கு ஃபுளூரின்-18 கலந்த சர்க்கரை 10 மில்லி கியூரி என்றால் 370 மெகா பெக்கெரல். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 100 மில்லி கியூரி என்றால் 3,700 மெகா பெக்கெரல், அதாவது 3.7 கிகா. வீட்டுப் புகை உணர்கருவியில் இருக்கும் அமெரிசியம் பெரும்பாலும் ஒரு மைக்ரோ கியூரி அல்லது அதற்கும் குறைவு. 37 கிலோ பெக்கெரலைத் தாண்டாது. நம் உடலிலேயே ஓடும் பொட்டாசியம்-40, ஒரு நடுத்தர எடை மனிதரில் 4,000 பெக்கெரலுக்கு மேல் இருக்கும். 27-ஆல் பெருக்கினால் 1,08,000 பைக்கோ கியூரி, அதாவது 0.1 மைக்ரோ கியூரியைச் சற்றே தாண்டுகிறது. பெக்கெரல் எறும்பு என்று சொன்னதற்கு இதுதான் சாட்சி. 'ஆயிரக்கணக்கான பெக்கெரல்' என்ற செய்தித் தலைப்பைப் பார்த்துப் பதறும் முன், நாமே ஆயிரக்கணக்கான பெக்கெரல் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தைராய்டின் அயோடின் உறிஞ்சும் திறனைச் சோதிக்கப் பத்து மைக்ரோ கியூரி அளவில் அயோடின்-131 போதும். மிகை சுரப்புக்குச் சிகிச்சை என்றால் பத்து மில்லி கியூரி அளவில் தருவார்கள். கையெழுத்தில் மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தும் மில்லியைக் குறிக்கும் எழுத்தும் ஒன்றுபோலத் தெரிந்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் வாய்க்குள் போகும். புதிய அலகில் அவை 370 கிலோ, 370 மெகா. எண் அதே 370 என்பதால் புதிய அலகும் தானாகக் காப்பாற்றாது. அதனால்தான் நான் முன்னொட்டை எப்போதும் முழுச் சொல்லாக எழுதச் சொல்கிறேன். மருந்தின் செயல்பாட்டை அளக்கும் கருவியில் கியூரி, பெக்கெரல் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் பொத்தான் இருக்கும். யாரோ நேற்று மாற்றிவிட்டுப் போன பொத்தானைப் பார்க்காமல் இன்று பதிவேட்டில் 37 என்று மட்டும் எழுதிவைத்தால், அடுத்து வருபவர் என்ன செய்வார்? பதிவேட்டின் தலைப்பில் அலகு போட்டிருக்கிறது என்ற சமாதானம் செல்லாது; ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகு வேண்டும்.

நான்காம் படி: லிட்டர், சதுர மீட்டர், கிலோகிராம் ஒட்டியிருந்தால்

தனிக் கியூரி எளிது. 'லிட்டருக்கு', 'கன மீட்டருக்கு' என்று வால் முளைத்தால் இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். வாலை மறந்துவிடுவதுதான் வழக்கமான சறுக்கல்.

ரேடானை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வீட்டுக் காற்றில் லிட்டருக்கு 4 பைக்கோ கியூரி எட்டினால் சரிசெய்யச் சொல்கிறது. ஒரு பைக்கோ கியூரி 0.037 பெக்கெரல். கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர். ஆக, லிட்டருக்கு 1 பைக்கோ கியூரி என்பது கன மீட்டருக்கு 37 பெக்கெரல். 4 என்பது 148. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்த அளவு கன மீட்டருக்கு 100 பெக்கெரல். இது பெக்கெரலிலேயே யோசித்துப் பிறந்த எண். பழைய அலகில் 2.7 பைக்கோ கியூரி என்று உடைந்து நிற்கும். எந்த அலகில் எண் உருண்டையாக இருக்கிறதோ, அந்த அலகில்தான் முடிவு எடுத்திருக்கிறார்கள்.

செர்னோபிலுக்குப் பின் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் கிலோவுக்கு 370 பெக்கெரல் சீசியம் என்று வரம்பு வைத்தது. அது 10 நானோ கியூரி. மற்ற உணவுகளுக்கு வைத்த 600 பெக்கெரலில் கியூரியின் வாடை இல்லை. ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு 2012 ஏப்ரலில் ஜப்பான் பொது உணவுக்கு வைத்த 100 பெக்கெரலிலும் இல்லை.

டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம்) விஷயத்தில் அலகைக் கவனிக்காவிட்டால் தலைகீழ் முடிவுக்கே போய்விடலாம். அமெரிக்கக் குடிநீர் வரம்பு 20,000 என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10,000 என்கிறது. பார்த்தவுடன் அமெரிக்கா இரு மடங்கு தாராளமாக இருப்பதுபோலத் தோன்றும். முதலாவது லிட்டருக்குப் பைக்கோ கியூரி, இரண்டாவது லிட்டருக்குப் பெக்கெரல். 20,000-ஐ 0.037-ஆல் பெருக்கினால் 740 பெக்கெரல். அமெரிக்க வரம்புதான் பதின்மூன்று மடங்குக்கு மேல் கடுமையானது.

நிலப்பரப்புக்கான மாற்றத்தை முதலிலேயே பார்த்துவிட்டோம். ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் சதுர மீட்டர். 3,700 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 37,000. அதுதான் வரைபடத்தின் 37 கிலோ பெக்கெரல்.

ஐந்தாம் படி: தேதியைப் பாருங்கள்

பெயர்ப்பலகையில் இருக்கும் எண், அது பொறித்த நாளுக்கு உரியது. 1990-இல் 10 மில்லி கியூரி என்று முத்திரையிட்ட சீசியம்-137 மூலம் 370 மெகா பெக்கெரல்தான், ஆனால் 1990-இல். சீசியத்தின் அரை ஆயுட்காலம் 30.1 ஆண்டு. 2025-க்கு 35 ஆண்டு ஆகிறது. 35-ஐ 30.1-ஆல் வகுத்தால் 1.163. அரை என்பதை 1.163 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 0.447. ஆக மிச்சம் 4.47 மில்லி கியூரி, 165 மெகா பெக்கெரல். முதலில் அலகை மாற்றினாலும் முதலில் சிதைவைக் கழித்தாலும் விடை ஒன்றுதான். இரண்டில் ஒன்றை மறந்தால்தான் பிரச்சினை. டெக்னீசியத்துக்கு ஆறு மணி நேரம்தான் அரை ஆயுட்காலம் என்பதால் அங்கே தேதி போதாது, மணியும் வேண்டும். காலை எட்டு மணிக்கு 10 மில்லி கியூரி, பிற்பகல் இரண்டுக்கு 5, இரவு எட்டுக்கு 2.5, அதாவது 370, 185, 92.5 மெகா பெக்கெரல்.

செர்னோபிலில் வெளியேறியது எவ்வளவு என்ற விவாதத்தில் இந்தத் தேதிப் பிரச்சினை பெரிதாகவே குறுக்கிட்டது. 1986 ஆகஸ்டில் சோவியத் அறிக்கை, மந்த வாயுக்களைத் தவிர்த்துச் சுமார் 5 கோடி கியூரி என்றது. 5 கோடியை 3,700 கோடியால் பெருக்கினால் 1.85 × 10¹⁸, அதாவது 1,850 பெட்டா பெக்கெரல் (பெட்டா என்பது 10¹⁵). பின்னால் வந்த மதிப்பீடு 5,300 பெட்டா பெக்கெரல் என்கிறது. பழைய அலகில் 14 கோடி கியூரிக்கு மேல். ஏன் இவ்வளவு இடைவெளி? மதிப்பீடுகள் பிறகு திருந்தின என்பது ஒரு காரணம். சோவியத் எண், மே 6-ஆம் தேதியில் எஞ்சியிருந்த அளவுக்குக் கணக்கிட்டது என்பது இன்னொன்று. ஏப்ரல் 26-இல் உலை வெடித்தது; எட்டு நாள் அரை ஆயுட்காலம் கொண்ட அயோடின்-131 அதற்குள் கணிசமாகக் கரைந்திருக்கும். அயோடின் மட்டும் வெளியேறிய கணக்கில் 1,760 பெட்டா பெக்கெரல், அதாவது 4.76 கோடி கியூரி. சீசியம்-137 85 பெட்டா பெக்கெரல், 23 லட்சம் கியூரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். சோவியத் எண் 'சுமார் 5 கோடி'. அதை 1,850 என்று எழுதும்போது மூன்று இலக்கத் துல்லியம் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது. மூலத்தில் ஒரு இலக்கத்துக்குத்தான் நம்பிக்கை என்றால் மாற்றிய பிறகு 'சுமார் 2,000' என்று எழுதுவதே நேர்மை. சட்ட வரம்பாக இருந்தால் மட்டும் 148-ஐ 148 என்றே விட வேண்டும். 150 என்று உருட்டினால் வரம்பே மாறிவிடும்.

ஆறாம் படி: நிமிடக் கணக்கு

ஆய்வகக் குறிப்பேடுகளில் நிமிடத்துக்கு இத்தனை சிதைவு என்று எழுதும் பழக்கம் உண்டு. பெக்கெரலாக்க 60-ஆல் வகுத்தால் போதும். ஒரு பைக்கோ கியூரி நிமிடத்துக்கு 2.22 சிதைவு, ஒரு மைக்ரோ கியூரி 22.2 லட்சம். ஆனால் கருவி காட்டுவது சிதைவை அல்ல, எண்ணிக்கையை. கருவியின் திறன் 20 சதவீதம் என்றால், பின்னணியை (சுற்றுப்புறத்திலிருந்து இயல்பாக வரும் எண்ணிக்கையை) கழித்த பிறகு நிமிடத்துக்கு 1,200 எண்ணிக்கை என்பது 6,000 சிதைவு, அதாவது 100 பெக்கெரல், 2.7 நானோ கியூரி.

ஏழாம் படி: ராட், ரெம், ராண்ட்ஜன்

இங்கே 37 இல்லை, நூறு மட்டும்தான். 1 கிரே = 100 ராட். 1 சீவர்ட் = 100 ரெம். எனவே 1 ரெம் என்பது 10 மில்லி சீவர்ட், 1 மில்லி ரெம் என்பது 10 மைக்ரோ சீவர்ட். கிரே, பெக்கெரலோடு 1975-இல் வந்தது, சீவர்ட் 1979-இல். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பழைய கணக்கில் 2 ரெம், 3 ரெம். பொதுமக்களுக்கான 1 மில்லி சீவர்ட் என்பது 100 மில்லி ரெம். அமெரிக்கப் பணியாளர் வரம்பு 5 ரெம், அதாவது 50 மில்லி சீவர்ட்.

பெருக்கல் எளிது என்றாலும் ஒரு நுணுக்கம் உண்டு. நியூட்ரான் போன்ற கதிர்களுக்கு எத்தனை மடங்கு கேடு என்று வைக்கும் எடைக் காரணிகள் காலத்தோடு மாறியிருக்கின்றன. 1990-இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றைத் திருத்தியது. அறுபதுகளின் ஆவணத்தில் ஒருவர் நியூட்ரானால் 2 ரெம் பெற்றார் என்றிருந்தால், 20 மில்லி சீவர்ட் என்பது கணக்கில் சரி. இன்றைய காரணிகளை வைத்துக் கணித்தால் வேறு எண் வரலாம். ராட் கணக்கு கிடைத்தால் அதிலிருந்து புதிதாகத் தொடங்குவதே நல்லது.

ராண்ட்ஜன்தான் தொல்லை பிடித்தது. அதன் புதிய அலகு, கிலோகிராம் காற்றுக்கு இத்தனை கூலும். 1 ராண்ட்ஜன் = 2.58 × 10⁻⁴ கூலும். ஆனால் நடைமுறையில் எல்லாரும் கேட்பது, ஒரு ராண்ட்ஜன் எத்தனை ராட் என்றுதான். காற்றில் 0.877 ராட், மென்திசுவில் சுமார் 0.96 ராட். ஆகவே காமா கதிருக்கு மட்டும் '1 ராண்ட்ஜன், 1 ராட், 1 ரெம்' என்று சமமாக வைக்கும் பழக்கம் பாதுகாப்புக் கண்காணிப்புக்குச் சரி. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான அளவைக் கணிக்கும்போது கூடவே கூடாது.

செர்னோபிலில் உலை வெடித்த இரவில் கதிர்வீச்சின் அளவு என்று சொல்லப்பட்ட, புகழ்பெற்ற 3.6 ராண்ட்ஜனை இப்போது அவிழ்க்கலாம். அன்றிரவு கைக்குக் கிடைத்த கருவிகளின் உச்ச அளவு நொடிக்கு 1,000 மைக்ரோ ராண்ட்ஜன். மணிக்கு 3,600 நொடி என்பதால் அது மணிக்கு 3.6 ராண்ட்ஜன். திசுவில் 3.5 ராட், 35 மில்லி கிரே அளவில் வரும். அது முள் முட்டிக்கொண்டு நின்ற இடமே தவிர, கதிர்வீச்சின் அளவு அல்ல. அலகை எவ்வளவு துல்லியமாக மாற்றினாலும் முள் முட்டிய எண்ணுக்கு உயிர் வராது.

எட்டாம் படி: குடும்பம் தாண்டுவதென்றால்

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையத்திலிருந்து சிகிச்சைக் கருவியின் தலைப்பகுதியைச் சிலர் கழற்றி எடுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த சீசியம் குளோரைடு இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அதிசயப்பொருள் என்று எண்ணி உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பங்கு கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள்; 249 பேரிடம் மாசு காணப்பட்டது; 1,12,000 பேருக்கு மேல் சோதிக்கப்பட்டார்கள்.

அந்த மூலம் 1,375 கியூரி. 37-ஆல் பெருக்கினால் 50,875 கிகா பெக்கெரல், அதாவது 50.9 டெரா பெக்கெரல். பக்கத்தில் நின்றவருக்கு எவ்வளவு? இங்கேதான் ஐசோடோப்புக்குரிய எண் வேண்டும். சீசியம்-137 ஒரு கியூரி இருந்தால் ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ 0.33 ராண்ட்ஜன். 1,375-ஆல் பெருக்கினால் 454 ராண்ட்ஜன். திசுவுக்கு 0.96 காரணியைப் போட்டால் 436 ராட், மணிக்கு சுமார் 4.4 கிரே. காமா என்பதால் அதே எண் சீவர்ட்டிலும். சிகிச்சை இல்லாவிட்டால் உடல் முழுக்க 4 கிரே அளவு பெற்றவர்களில் சுமார் பாதிப் பேர் பிழைப்பதில்லை. தூரம் பாதியானால் அளவு நான்கு மடங்கு. இது மூலம் வெளியில் திறந்து கிடக்கும் நிலைக்கு மட்டும். கையில் பூசி, சோற்றோடு விழுங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. உள்ளே போன பெக்கெரலைச் சீவர்ட்டாக்க வேறு காரணிகள் இருக்கின்றன, அவை ஐசோடோப்புக்கும் வயதுக்கும் உள்ளே போன வழிக்கும் ஏற்ப மாறும்.

அருங்காட்சியக அலகுகள்

பழைய நூல்களில் இன்னும் சில தலைகாட்டும். ரூதர்ஃபோர்டு என்ற அலகு நொடிக்குப் பத்து லட்சம் சிதைவு. அதாவது 1 மெகா பெக்கெரல். ஐரோப்பியக் கதிரியக்க வெந்நீர் ஊற்றுகளின் விளம்பரங்களில் 'மாகே' என்று வரும், லிட்டருக்கு 13.5 பெக்கெரல் அளவில் ரேடான். 'எமான்' என்பது லிட்டருக்கு 10⁻¹⁰ கியூரி, 3.7 பெக்கெரல். சுரங்கத் தொழிலாளர் ஆய்வுகளில் வரும் 'பணி நிலை' என்பது, சிதைவு வாரிசுகளோடு (தான் சிதைந்து உண்டாக்கும் தனிமங்களோடு) சமநிலையில் இருக்கும் ரேடான் லிட்டருக்கு 100 பைக்கோ கியூரி, அதாவது கன மீட்டருக்கு 3,700 பெக்கெரல். அதில் 170 மணி நேரம் வேலை செய்தால் ஒரு 'பணி நிலை மாதம்'.

இவற்றில் என் மனதுக்கு மிகவும் உறுத்தலானது, ஐம்பதுகளில் அணுகுண்டுச் சோதனைகளின் தூசி உலகெங்கும் எலும்புகளில் படிந்தபோது அமெரிக்க ஆய்வாளர்கள் வைத்த 'சூரிய ஒளி அலகு'. ஒரு கிராம் கால்சியத்துக்கு ஒரு பைக்கோ கியூரி ஸ்ட்ரான்சியம்-90 என்று பொருள். கிராமுக்கு 0.037 பெக்கெரல், கிலோகிராம் கால்சியத்துக்கு 37 பெக்கெரல். பிறகு கண்டனம் வந்து அதை ஸ்ட்ரான்சியம் அலகு என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.